அடுத்தது எந்த மூலை

பிரெகென்ஸர்வால்ட், ஆஸ்திரியா
நவம்பர் தொடக்கம்

அன்புள்ள யோதோக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு நலம் என்று மருத்துவர் சொல்கிறார். அதை மறுக்கும் அளவுக்கு எனக்கு எதிலும் ஈடுபாடு இல்லை. நியூசிலாந்தில் நீயும் ஹன்னாவும் சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே மேல்மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. அப்பாவின் கல்லறையில் உன் அத்தை நட்ட பிகோனியாக்கள் கருகிவிட்டன, நான் பிடுங்கவில்லை. மே மாதம் அவர் போனதிலிருந்து நான் ஒருமுறைகூட அழவில்லை என்பதில் ஊருக்கு வருத்தம். எனக்கு அதுவும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தட்டைக் கழுவுகிறேன். மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

நீ கையெழுத்திட்டு அனுப்பிய குத்தகைத் தாள் வந்தது. சரிவிலுள்ள நம் புல்வெளியைப் பக்கத்து நிலத்து பீயுஸுக்கு விட்டு, அவன் அதை உழுது ஒரே இனப் புல்லை விதைத்துக்கொண்டால் இரட்டிப்பு வாடகை வரும் என்ற உன் வாதத்தை இருமுறை படித்தேன். பள்ளித் தோழன்மீது உனக்கு நம்பிக்கை இருப்பது நல்லது. கணக்கிலும் பிழையில்லை, தவறாமல் மழை பெய்யும் நாட்டுக்கு. இந்தக் கோடையில் இங்கே மழையே இல்லை. ஜூனில் பீயுஸ்தான் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து நம் வெளியை அறுத்துக் கொடுத்தான். அப்பா ஆண்டுதோறும் ஒரு மூலையை அறுக்காமல், பூத்து விதை கொட்டும்வரை விட்டுவைப்பாரே, அது நினைவில்லாமல் வேலியிலிருந்து வேலிவரை மழித்துவிட்டான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒரே வெயில். அவனுடைய ஒற்றைப்புல் நிலம் ஜூலை முடிவதற்குள் கோணிப்பை நிறத்துக்கு வந்துவிட்டது. விலைகொடுத்து வாங்கிய யூரியா தூவியபடியே கிடந்தது. நம்முடையதில் மேலோட்டமாக வேர்விடும் புற்கள் சுருண்டன. ஆட்டுத்தாடிப் பூண்டும் செங்குளோவரும் ஆழத்திலிருந்து நீரெடுத்து மறுபடி தழைத்தன. எந்தச் செடி எந்த ஆண்டில் நமக்குச் சோறு போடும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் அத்தனை வகைக்கும் இடம் கொடுக்கிறோம். நான் படித்த பொருளியலில் இதற்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. அப்பா அதைப் புல்வெளி என்பார்.

செப்டம்பரில் பீயுஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றான். "ரோஸ்விதாம்மா, காஞ்ச புல்லு ஏதாவது கூடுதலா இருக்குமா?" என்றான். நம் மாடுகளை முன்பே விற்றுவிட்டதால் கொட்டகை நிறைய இருந்தது. "என்கிட்ட களைதானேடா இருக்கு? கெப்ஹார்ட் மாமா களைக்குத் தோட்டம் போட்டிருக்காருன்னு நீதானே சொல்லிச் சிரிச்சே?" என்று, உன் அப்பாவை அவன் கேலி செய்ததை நினைவூட்டினேன். "சொன்னேந்தான். என் மாடெல்லாம் வேலிக்கு மேல தலைய நீட்டி அந்தக் களையத்தான் பாத்துக்கிட்டு நிக்குது. நான் சொன்னத அதுங்க நம்பல போல" என்றான். உனக்குத் தெரியும், சீஸ் கூடத்தில் புளிக்கவைத்த தீவனம் தின்ற மாட்டின் பாலை வாங்க மாட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த உலர்புல்தான் வேண்டும். நான் மறுத்திருந்தால் பாதி மாடுகள் கசாப்புக்குப் போயிருக்கும். சந்தை விலைக்கே கொடுத்தேன். "அடுத்த வருஷமும் வேணும்னா வா. புல்லு விலைக்கு உண்டு, நிலம் உழறதுக்கு இல்ல" என்றேன். "என் பொண்டாட்டியும் அதைத்தான் சொன்னா, இவ்வளவு மரியாதையாச் சொல்லல" என்றான்.

வண்டியில் ஏற்றி முடித்ததும் அவன்தான் கேட்டான்: "இந்தத் தடவை மூலைய விடாம அறுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. அடுத்த ஜூன்ல எதை விடணும்? மாமா வருஷா வருஷம் மூலைய மாத்துவாரு, ஆனா வரிசையாப் போகமாட்டாரே." உன் அப்பாவோடு வாழ்ந்த காலமெல்லாம் நான் விளைச்சலைக் கணக்கிட்டேன், மூலைகளை அவரிடம் விட்டிருந்தேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினேன். பீயுஸ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். புல்தூசி என்று அவனிடம் சொல்லிவைத்தேன்.

பதினொன்றாம் தேதி மார்ட்டின் திருநாளுக்குள் குத்தகை முடிவாக வேண்டும் என்று எழுதியிருந்தாய். முடிவாகிவிட்டது. தாளில் நான் கையெழுத்திடவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். அங்கே இனி கோடை, தொப்பியில்லாமல் வெளியே போகாதே. அறுக்காமல் விடும் மூலையைச் சுற்றி நட முளைக்குச்சிகளைச் சுமந்துகொண்டு அப்பாவின் பின்னால் நடந்தவன் நீ ஒருவன்தான். கொட்டகை மூலையா, ஊற்று மூலையா, சிலுவை மூலையா? மறக்காமல் எழுது.

உன் அம்மா
ரோஸ்விதா