மட்கார்டில் ஓடிய வெளிச்சம்

6 ஜூலை 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக அப்பாவின் டிங்கர் பட்டறைக்குப் போனேன், நசுங்கிய கார்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவார். அதியமான்கோட்டை ஹைவே ஓரத்தில்தான் இருக்கிறது. இன்றும் வேலை நடக்கிறது. அரூர் கோகிலவாணி டீச்சரின் பேத்திக்கு ஆவணியில் தீர்த்தமலையில் கல்யாணம். பெண் அவருடைய பழைய அம்பாசிடரில்தான் போக வேண்டுமாம். லாரி உரசி வலது முன் மட்கார்டு நசுங்கிவிட்டது.

நசுங்காத இடது பக்கத்தை ஒரு மணி நேரம் வரைந்தேன். ஒரு வளைவு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒகேனக்கல் ஆற்றில் கிடக்கும் கல் மாதிரி. பக்கத்தில் ஒரு புது எலக்ட்ரிக் கார் நின்றது. அதன் கதவு நெடுக ஒரே ஒரு மடிப்பு, காகிதத்தை நகத்தால் நீவியது போல. இரண்டும் சிற்பம்தான். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

9 ஜூலை, புதன்

கணக்குப் பரீட்சை. காரைப் பார்க்கப் போகவில்லை.

12 ஜூலை, சனி

அம்பாசிடருக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. தகரம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, பெயின்டர் மாதேஸ்வரன் மாமா டியூப்லைட்டைப் போட்டார். இடது மட்கார்டில் வெளிச்சம் ஒரே கோடாக வழிந்தது. வலதில், ஹெட்லைட்டுக்கு மேலே, கோடு நெளிந்து உடைந்து பிறகு சேர்ந்தது. மூன்று முறை சுற்றி வந்து பார்த்தேன். உடைந்துதான் இருக்கிறது.

அப்பா மூன்றடி தள்ளி நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தைக் கையால் தடவிப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை, தனக்குக் கண் போதும் என்பார். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். "நல்லாருக்குப்பா" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? அவருக்கு ஏன் தெரியவில்லை?

13 ஜூலை, ஞாயிறு

மாமாவிடம் தனியாகக் கேட்டேன். முதலில் கிண்டல் செய்தார். "இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க." பிறகு குரலைத் தணித்தார்.

"உங்கப்பனுக்கு வலது கண்ணு தெரியல கண்ணு. ரெண்டு வருசம் ஆச்சு, கிரைண்டர்ல இரும்புத்தூள் பறந்து அடிச்சது. ஒத்தக் கண்ணுக்கு மேடு பள்ளம் புடிபட மாட்டேங்குது. குழி வுழுந்தா நான் பட்டி வச்சு நெரவிருவேன். இது மேடு. என்னால மறைக்க முடியல. வூட்ல சொல்லிறாத."

டீச்சருக்கு இந்த மேடு தெரியப்போவதில்லை. ஆனால் நான் பார்த்துவிட்டேனே. சொன்னால், ஒரு கண் உள்ள டிங்கரிடம் யார் வண்டி விடுவார்கள்? சொல்லாவிட்டால், இன்னொரு கண்ணிலும் தூள் அடித்தால்?

14 ஜூலை, திங்கள்

அப்பாகிட்ட சொல்லிட்டேன். மாமாவ மாட்டிவிடல, கோடு உடையுதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

"நாலு படம் வரஞ்சுட்டா எனக்கே வேல சொல்லுவியா? போய்ப் படி."

அழுதேன். ஆனா போகல. அப்பா மட்கார்டு மேல கைய வச்சாரு. தடவிக்கிட்டே வந்தாரு. அந்த எடம் வந்ததும் கை நின்னுபோச்சு. மறுபடி தடவுனாரு. மறுபடி நின்னுச்சு. அப்புறம் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

15 ஜூலை, செவ்வாய்

அப்பா புதுப் பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கிறார்.

19 ஜூலை, சனி

அப்பாவே அம்மாவிடம் சொல்லிவிட்டார். மூன்று பேரும் தர்மபுரியில் கண் டாக்டரைப் பார்த்தோம். வலது கண் பார்வை இனி திரும்பாது. இடது கண் நன்றாக இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலை செய்யவே கூடாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் எழுந்து, அப்பாவின் இடது பக்கம் மாறி உட்கார்ந்தார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

டீச்சர் வந்து வண்டியை எடுத்துப் போனார். இரண்டு மட்கார்டையும் மாறி மாறிப் பார்த்து, எது அடிபட்டது என்று கேட்டார். சாவியைக் கொடுக்கும் முன் அப்பா தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"என் தம்பியும் உங்கிட்ட வண்டி விடறேன்னான் சவரி. இனி இதையும் சொல்லி நீயே அவன்கிட்ட பேசிக்க."

"சரிங்க டீச்சர்."

அவருடைய தம்பி வருவாரா, தெரியவில்லை.

சாயங்காலம் வேறொரு கார். பிரைமர் அடித்த கதவை அப்பா பளபளக்கும்படி ஈரத்துணியால் துடைத்து, டியூப்லைட்டைப் போட்டார். கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அனிஷா. கோடு எப்பிடிப் போவுது பாரு."

குனிந்து பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே ஓர் இடத்தில் உடைகிறது என்றேன். அப்பா குறி போடச் சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.