தண்ணிப் பை

மார்ச் 19

இன்று நாய்த் தீனி பாக்கெட்டை நானே படித்தேன். எழுத்துச் சொல்லித்தரும் சுல்மா டீச்சர் பக்கத்தில் இல்லை. "நாய்" என்று இருந்தது. "பல்" என்று இருந்தது. பிறகு ஒரு சொல் சரக்கு ரயில் மாதிரி வந்துகொண்டே இருந்தது, பாதியில் இறங்கிவிட்டேன். இருந்தாலும் எழுபத்து நான்கு வயதில் ஒரு பாக்கெட் என்னோடு பேசியது!

என் மனைவி எதெல்வினாவிடம் சொன்னேன். "நல்லவேளை, நாய் படிக்கிறதுக்கு முந்தி நீ படிச்சிட்ட" என்றாள்.

மார்ச் 22

பாக்கெட்டில் இருந்தது வெள்ளையாக முடிச்சுப் போட்ட தோல். எங்கள் நாய் பித்தாங்கா அதை மென்றாள். ஊறி வழவழப்பான துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டது. கையை விட்டு இழுத்தேன். கையில் கடி. எதெல்வினா வாசல் நிலையைப் பிடித்தபடி "என்ன சத்தம்? அவளுக்கு என்ன? சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள். கண் தெரியாதவளுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்.

மிச்சத்தை நெருப்பில் போட்டேன். மருந்து நாற்றம். இனி இயற்கையானதுதான்.

மார்ச் 27

பித்தாங்காவை மாட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஈறெல்லாம் ரத்தம். இப்படியே விட்டால் சீழ் ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகுமாம். தினமும் எதையாவது கடிக்கக் கொடுக்கச் சொன்னார்.

பித்தாங்கா போனால் எதெல்வினா வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாள். கோழிக் கூண்டுக்கும் கிணற்றுக்கும் அவள் போவது அந்த நாயின் முதுகில் கை வைத்துத்தான்.

"மாட்டுக் காது, காளை நரம்பு, நுரையீரல், எதுனாலும் சரி பெரியவரே. ஆனா அடுப்புல வெச்சு, சுள்ளி மாதிரி படக்குன்னு ஒடியிற வரைக்கும் காய வைக்கணும். பச்சையா மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். காது. நரம்பு. நுரையீரல். என் எழுத்து பெரிசு. அதற்கு மேல் கையில் இடமில்லை.

ஏப்ரல் 5

பித்தாங்கா காதை முகர்ந்துவிட்டு மண்ணில் புதைத்துவிட்டாள்.

நரம்பைப் பார்த்து எதெல்வினா சிரித்த சிரிப்பு! தடவிப் பார்த்துவிட்டு, "நரம்புன்னா காளைக்கு எந்த இடத்துல இருக்கிற நரம்புன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும், தெரியும்."

"பாவம் அந்தக் காளை" என்றாள்.

கல் மாதிரி இருந்தது. பித்தாங்காவின் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு போனதுதான் மிச்சம். மறுபடியும் ரத்தம்.

ஏப்ரல் 12

வால்டெமார் வீட்டில் ஆடு அறுத்தார்கள். அடுத்த நிலம் அவனுடையது. நுரையீரல் எப்போதும் நாய்களுக்குத்தான், என் அப்பா காலத்திலிருந்தே. இந்த முறை நான் கேட்டு வாங்கினேன்.

"சீக்கிரம் கொண்டுபோங்க பெரியவரே, என் நாய்ங்க உங்க காலையே பாத்துட்டு நிக்குது" என்றான்.

நுரையீரலில் அங்கங்கே தண்ணிப் பை. வெள்ளையாக, திராட்சைப் பருமனில், அமுக்கினால் மெத்தென்று. வால்டெமார், "ஆடு வயிறாரத் தண்ணி குடிச்சிருக்கு" என்றான். எல்லோரும் சொல்வது அதுதான்.

கீற்றாக அரிந்து கம்பியில் காயப்போட்டேன்.

ஏப்ரல் 14

வெளியே மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது, உள்ளே இன்னும் ஈரம். புண் ஈறுக்கு இந்தப் பதம்தான் சரி என்று இறக்கிவிட்டேன். தண்ணிப் பை இருந்த துண்டுதான் ரொம்ப மெது. அதை முதலில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். முடித்துவிட்டு என் முகத்தை நக்கினாள், மூக்கு, வாய், எல்லாம். காது, நரம்பு, நுரையீரல் - மூன்றாவது சொல்தான் சொல்!

மே 20

ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. முடி பளபளக்கிறது. குட்டி மாதிரி துள்ளுகிறாள்.

காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். எதெல்வினா நாயின் முதுகில் கை வைத்துக் கூண்டுக்குப் போனாள். முட்டை எடுத்தாள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். நாய் அவள் கையை நக்கியது. அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். எழுதியும் வைக்கிறேன்.

ஜூன் 3

எதெல்வினா சாப்பிடவில்லை.

ஜூன் 8

வலது விலாவுக்குக் கீழே என்கிறாள்.

"வலியா?"

"வலின்னு சொல்ல முடியல. உள்ள எடமில்லாத மாதிரி இருக்கு."

போல்தோ இலை போட்டுக் கஷாயம் கொடுத்தேன். பித்தாங்கா அந்த இடத்திலேயே தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். சூடு இதமாக இருக்கிறதாம்.

ஜூன் 30

வால்டெமார் இன்னொரு நுரையீரல் கொடுத்தான். இதில் ஒரு பை கோழிமுட்டை அளவு. நல்லதாகப் பார்த்து எனக்கென்று எடுத்துவைத்தானாம். நல்ல மனுஷன்.

ஜூலை 17

வகுப்புக்கு எதெல்வினாவையும் கூட்டிப்போனேன், சும்மா கேட்டுக்கொண்டிருக்க. சுல்மா டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். பாடத்தை நிறுத்திவிட்டார்.

"நெமேசியோ ஐயா, இவங்க கண்ணு மஞ்சளா இருக்கே. நீங்க பாக்கலியா?"

தினமும்தான் பார்க்கிறேன். பார்க்கவில்லை.

ஜூலை 22

வால்டெமாரின் வண்டியில் ஊர் மருத்துவமனைக்குப் போனோம். அவளை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போனார்கள். நான் பெஞ்சில் இருந்தேன்.

எதிர்ச் சுவரில் ஒரு படம். பெரிய எழுத்து. படிக்க ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷமாக ஆரம்பித்தேன். முதல் எழுத்து H. எங்கள் மொழியில் அது ஊமை எழுத்து, அதை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லணும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இ-தா-தி-தோ-சிஸ். இப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை.

சொல்லை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். ஆடு. ஆட்டிலிருந்து ஒரு அம்புக்குறி நாய்க்கு. நாயிடமிருந்து ஒரு அம்புக்குறி, நாயைத் தடவும் ஒரு பெண்ணுக்கு. ஆட்டின் உடம்பைத் திறந்து காட்டியிருந்தார்கள். நுரையீரலில் வெள்ளை வெள்ளையாக -

அட கடவுளே. தண்ணிப் பைடா அது. தண்ணிப் பைன்னு எழுதியிருந்தா இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே. ஊமை எழுத்துல ஒரு பேர வெச்சு, யாருக்குய்யா எழுதினீங்க?

பெண்ணின் வயிற்றையும் திறந்து காட்டியிருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பையன். பொறுமையாகச் சொன்னான். "ஆட்டுல இருக்கிற பைய நாய் தின்னா, நாய் குடல்ல புழு வரும். அதோட முட்டை நாய் முடியில, நாக்குல ஒட்டிக்கும். அங்கேருந்து நம்ம வாய்க்கு. அம்மாவுக்கு ஈரல்ல ஒரு பை இருக்கு. ஆரஞ்சு அளவு. உடையாம எடுக்கணும். உடைஞ்சா உயிருக்கே ஆபத்து."

"ஏப்ரல்லேருந்துதான் கொடுத்தேன்."

"இது ஏப்ரல்ல வந்தது இல்லைங்க ஐயா. பத்துப் பதினஞ்சு வருஷமா வளர்ந்திருக்கும்."

பித்தாங்காவுக்கு முன்னால் மொரோச்சோ. அதற்கு முன்னால் லோபா. எல்லா நாயும் தின்றதுதான்.

"நாய்க்கு என்ன ஆகும்?"

"நாய்க்கு ஒண்ணும் ஆகாது" என்றான். "நல்லாத்தான் இருக்கும்."

ஜூலை 23

கம்பியில் மிச்சமிருந்ததை எரித்தேன். டாக்டரம்மாவிடம் போய்ப் புழு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பித்தாங்காவைக் கொட்டகையில் கட்டிவிட்டேன்.

எதெல்வினா வாசலில் நின்று கையைக் கீழே நீட்டினாள். முதுகு இல்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே காற்றில் இருந்தது. பிறகு சுவரைப் பிடித்தாள்.

ஜூலை 29

வால்டெமாரிடம் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "எங்க தாத்தா காலத்துலேருந்து நாய்க்குப் போடறது, பெரியவரே. ரெண்டெழுத்துப் படிச்ச உடனே பயந்துட்டீங்க." அவன் பேத்தி முற்றத்தில் நாய்க்குட்டியின் வாயோடு வாய் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 6

நாளைக்கு எதெல்வினாவுக்கு அறுவை. இன்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கணுமாம். எல்லோரும் என்றால் நான்தான்.

சட்டையைக் கழற்றிப் படுத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினாள். எந்த ஊர், மழை எப்படி, என்று பேசிக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. கை அந்த இடத்தை விட்டுப் போனது, திரும்பி வந்தது. கொஞ்சம் மேலே போனது. அங்கேயும் நின்றது.

"திரும்பிப் படுங்க ஐயா" என்றாள், வேறு குரலில்.

பிறகு எதெல்வினாவின் கட்டிலுக்குப் போனேன். சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சுத்தமா இருக்காம்."

என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"எத்தன?"

"ரெண்டு."

"ம்" என்றாள். "எனக்கு ஒண்ணு. உனக்கு ரெண்டு. தட்டுல போட்டாலும் உனக்கு எப்பவும் கூடத்தானே வேணும்."