நெயில் பாலிஷ் கோடு

மார்ச் 4, செவ்வாய்

வந்தே விட்டது. ரயில் பெட்டிக்கு அடியில் மின்கேபிளைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப். அண்ணன் பட்டறையில் செய்தது. இருந்த வேலையை விட்டுவிட்டு அவன் பிடித்த முதல் பெரிய ஆர்டர். எங்கள் லேபின் அதிர்வுச் சோதனையில் தேறினால்தான் ஆர்டர் கைக்கு வரும். மேலாளரிடம் போய், "சார், இது என் கூடப்பிறந்தவனோடது, வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றேன். "வேற யாரு இருக்கா? நீ ஓட்டும்மா, கடைசில நான் வந்து பாக்கறேன்" என்றார். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

கேபிளை வைத்து, நாலு போல்ட்டையும் முறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் தகடு வரை நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு இழுத்தேன். போல்ட் துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாட்டில் அண்ணி கொடுத்தது. அண்ணனுக்கு எப்போதும் இதில் கிண்டல்: "அது லேபா, பியூட்டி பார்லரா?"

அதிர்வு மேசையில் பூட்டி ஆட்டியதில் மேல்கீழ் ஆட்டம் முடிந்தது. அசையவில்லை. அப்பாடா.

மார்ச் 6, வியாழன்

பக்கவாட்டிலும் தேறியது. மேசை பேயாட்டம் ஆடுகிறது, அவன் கிளாம்ப் கல்லு மாதிரி நிற்கிறது. பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

மார்ச் 7, வெள்ளி

நீளவாக்கு ஆட்டம். மேசையை நிறுத்தி டார்ச் அடித்தேன். மூன்றாவது போல்ட்டில் கோடு உடைந்திருந்தது. மயிரிழைதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். உடைந்துதான் இருந்தது.

பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில். லேசாக ஒரு தொடல் — யாருக்குத் தெரியப்போகிறது? ச்சீ, என்ன புத்தி இது! ஓடுற ரயில்ல கேபிள் கழண்டு தொங்கினா நானா போய்ப் பிடிக்கப் போறேன்? பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டு மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் போனில் கத்தினான். "ஒரு மயிரிழைக்கா? நீயெல்லாம் கூடப்பிறந்தவளா?"

"கூடப்பிறந்ததாலதான் ரெண்டு தடவ பாத்தேன்" என்றேன். வைத்துவிட்டான். அழுதேன். ஆனாலும் அந்தக் கோடு உடைந்ததுதானே? உடைந்ததுதான். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் 15, சனி

அண்ணியோடு மட்டும்தான் பேச்சு. "சோறு தண்ணி இல்லாம பட்டறையே கதின்னு கெடக்கறார். என் நெயில் பாலிஷ வேற காணோம்."

மார்ச் 26, புதன்

புதிய கிளாம்புகள் வந்தன. போல்ட் திரும்பாதபடி அடியில் பல் வைத்த வாஷர் சேர்த்திருக்கிறான். பெட்டியின் மூலையில் தனியாக ஒன்று, கேபிள் துண்டோடு, எண்ணெய் அழுக்கு அப்பிக்கொண்டு. துடைத்தேன். நாலு போல்ட்டிலும் சிவப்புக் கோடு. ஒன்றுகூட உடையவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டேன். "நல்லா ஆடட்டும்னு அத பட்டறை கம்ப்ரசர் மேல கட்டி ஓடவிட்டார். அப்பப்போ டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தார்" என்றாள். பின்னாலிருந்து அவன் குரல்: "நீளவாக்குல முதல்ல ஆட்டச் சொல்லு. சும்மா விட்றக் கூடாதுன்னு சொல்லு."

விடுவேனா? புதிதாக ஒன்றை எடுத்துப் பூட்டி, என் கோட்டை நானே இழுத்தேன். கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மேலாளர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தலையாட்டினார். நான் அழைப்பதற்குள் போன் அடித்தது.

"என்ன பார்லரம்மா, முடிஞ்சுதா?"

"நாலு கோடும் அப்படியே இருக்குண்ணா."