பாதிரியார் பங்களாவின் கிழக்கு அறை

பாய், இன்று காலை கிழக்கு அறையின் கணப்பில் யூக்கலிப்டஸ் விறகு மூட்டினேன். ஈர விறகு. புகை கண்ணைக் கரித்தது. உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் மழைக்காலம் இது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார் குடியிருக்கக் கட்டிய வீடு. வெகுகாலம் பூட்டிக் கிடந்ததை, குன்னூர் பஜார் கடையை விற்று நீங்கள் வாங்கினீர்கள். கூரையை மாற்றி, பலகைத் தரையை இழைத்து, தங்கும் விடுதியாக்கினீர்கள். முதல் விருந்தினர் வரவிருந்த வாரத்தில்தான், ஜெகதளாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயன் வீடுகள்மேல் மண் சரிந்தது. உயிர் தப்பிய நாங்கள், நடக்க முடியாத என் மாமியாரைப் போர்வையில் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றோம்.

"நனைஞ்சுட்டு எதுக்குங்க நிக்கறீங்க? உள்ள வாங்க."

"விருந்தாளிங்க வர்றாங்களே, பாய்?"

"அதான் வந்துட்டீங்களே!"

கிழக்கு அறையில், யாரும் படுக்காத புதுக் கட்டிலை மாமியாருக்குக் கொடுத்தீர்கள். சில நாளில் அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நானும் என் கணவரும் அவரைப் பின்பக்க விறகுக் கொட்டகைக்குத் தூக்கப் போனோம். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டவர் அவர். "இன்னும் எங்க புள்ள கொண்டுபோற?" என்றார், மெல்ல.

நீங்கள் கதவை மறித்து நின்றீர்கள்.

"புது எடம், பாய். சாவு விழுந்தா ஒருத்தரும் தங்க வரமாட்டாங்க" என்றேன்.

"வராட்டிப் போகட்டும். அம்மாவைக் கட்டில்ல படுக்க வையுங்க."

பிறகு நீங்களே குனிந்து கணப்பை ஊதினீர்கள், இருமிக்கொண்டே. அன்று மாலை அந்தச் சூட்டில், தூங்குவதுபோலவே அவர் அடங்கினார்.

நான் பயந்ததுதான் நடந்தது. பேச்சு பரவி, அந்த சீசன் முழுக்க அறைகள் காலி. உங்கள் மகன் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் எங்களுக்கு வேறு வீடு கிடைக்கும்வரை நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. மறுவருடம் ஆட்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். சமையலுக்கு என்னை வைத்துக்கொண்டீர்கள்.

இன்று அந்த அறைக்கு வந்த பெண் கேட்டார்: "பழைய பங்களாவாச்சே, இங்க யாராவது எறந்திருக்காங்களா?"

இப்போது விடுதியை நடத்தும் உங்கள் மகன் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை, பாய்.

"ஆமாங்க, எங்க மாமியார். இந்தக் கட்டில்லதான். கதகதன்னு, நிம்மதியா போனாங்க."

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி, அதன்மேல் வைத்தார்.