பெரிய போர்வைக்கு அட்டை வைத்துத் தைப்பதா

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பொழுது விடிந்தால் நினைப்பு. போன கடிதத்தில் நன்றாக இருக்கிறேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். ஒரு இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. எனக்கு இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறதாம், இப்போதைக்கு அவசரம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதற்காக நீ பதறாதே. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அப்பா கழற்றிச் சரிசெய்த பிறகு கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது.

போர்வை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய போர்வை இனிமே வேண்டாம்மா, ஒத்தை ஆளுக்கு எதுக்கு, சின்னதா ஒண்ணு போதும், இல்லேன்னா விட்டுடு என்று எழுதியிருந்தாய். நீ இன்னும் சுவரோரமாகவே படுப்பதாகவும் கட்டிலின் மறுபாதியில் துவைத்த துணி குவிந்து கிடப்பதாகவும் வேடிக்கை போல எழுதியிருந்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் தையல் கூடையைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரித் தையல் அறையில் இருபத்தாறு வருஷம் விரிப்பும் தலையணை உறையுமாக மெஷினில் ஓட்டி ஓட்டி அலுத்துப்போய்த்தான், உன் கல்யாணப் போர்வையையாவது கையால் தைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். உன் பழைய கவுன், அப்பாவின் சட்டைகள், முன்னறைத் திரை எல்லாம் அதில் இருக்கிறது. அது சுலபமான வேலை இல்லை. ஆறு பக்கம் உள்ள அட்டை ஒவ்வொன்றையும் துணியில் வைத்து, ஓரத்தை மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ள வேண்டும், பிறகு ஒன்றின் விளிம்போடு இன்னொன்றின் விளிம்பைச் சேர்த்து நெருக்கமாகத் தைக்க வேண்டும், ஆறு பக்கமும் அக்கம்பக்கத்தோடு சேர்ந்த பிறகுதான் உள்ளே இருக்கும் அட்டையை உருவ வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அது ஒரு பூ. இரண்டு வருஷத்தில் முப்பது பூ முடித்திருக்கிறேன், பெரிய கட்டிலுக்கு இன்னும் நூறு வேண்டும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நூறு பூவா, சின்னதாக முடித்துவிடுவதா, மெஷினில் ஓட்டிவிடுவதா என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்து உன் அத்தை வந்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே வாரத்தில் முடிய வேண்டும். மெஷினை எடுங்க அண்ணி, சதுரம் சதுரமா வெட்டி நேரா ஓட்டுங்க, யாரு திருப்பிப் பிடிச்சுப் பாக்கப் போறாங்க என்றாள். அதோடு போயிருந்தால் தேவலை. கூடையில் இருந்த ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள். அது என்ன அட்டை என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. அச்சகத்தில் முப்பது வருஷம் ஊரார் வீட்டுப் பத்திரிகைக்கெல்லாம் பிழை பார்த்துக் கொடுத்த உன் அப்பா, சொந்த மகள் கல்யாணப் பத்திரிகையில் பதினாறாம் தேதிக்குப் பத்தொன்பது என்று போட்டு ஐந்நூறு அடித்துவிட்டார். மறுநாளே சத்தமில்லாமல் வேறு அடித்துக் கொண்டுவந்தார், கெட்டுப்போன கட்டு முழுவதும் கட்டிலுக்கு அடியில் போனது. பெருக்கும்போது என் துடைப்பத்தில் சிக்கியது. நல்ல கெட்டி அட்டை, ஒன்றில் இரண்டு ஆறுபக்கம் வரும், எறிய மனசில்லாமல் போர்வைக்கு எடுத்துக்கொண்டேன். அப்பாதான் அளவு பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். அத்தை அந்தத் தேதியைப் பார்த்ததும், அப்பவே சகுனம் காட்டியிருக்கு, நாமதான் கவனிக்கலே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தேதி தப்பானால் வாழ்க்கை தப்பாகும் என்றால் அச்சகக்காரன் எல்லாம் ஜோசியன் ஆகியிருப்பானே என்று நான் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் முன்னறையில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலை, நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, நான் தப்பா அடிச்சதாலதானோ இப்படி ஆச்சு என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை சிட்டு. நீ சொன்ன நாளிலிருந்து அதையே மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் அப்படிக் கேட்டதும், அன்றைக்கு உன்னிடம் என் வாய் என்ன சொன்னது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டதாக நீ போனில் சொன்னபோது நான் முதலில் என்ன கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா என்று கேட்டேன். பாக்கறேம்மா என்று வைத்துவிட்டாய். எவ்வளவு அனுசரித்துப் பார்த்து, முடியாமல் போன பிறகு எனக்குச் சொல்லியிருப்பாய் என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் கட்டியவரை இனி என்ன சொல்லி எழுதுவது என்றுகூடத் தெரியாமல், மாப்பிள்ளை என்று எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அத்தை பழியைச் சகுனத்தின் மேல் போட்டாள், அப்பா தன் மேல் போட்டுக்கொண்டார், நான் உன் மேல் போட்டேன். மூன்று பேரில் நான்தான் மோசம். என்னை மன்னித்துக்கொள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், போர்வை ஒரு சாக்கு.

ஆனாலும் போர்வையை முடிவு செய்ய வேண்டும் இல்லையா. நேற்று சாயங்காலம், நீ கேட்டபடி சின்னதாகவே ஆகட்டும் என்று, இருக்கிற பூக்களோடு நிறுத்தி அட்டைகளை உருவ உட்கார்ந்தேன். ஒரு பூவில் ஓரத்து அட்டையை உருவினேன், இன்னும் எதோடும் சேராத பக்கமெல்லாம் வாய் பிளந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. நடுவில் இருந்ததை உருவினேன். உன் பெயரில் பாதியும் அந்தத் தப்புத் தேதியுமாக அட்டை கையோடு வந்துவிட்டது, துணி மட்டும் இருந்த இடத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அப்படியே இருந்தது. எதிரே இருந்த அப்பா அட்டையை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், குப்பைக் கூடையில் போட்டார். ஓரத்துல இருக்கறதை இப்ப உருவாதே, பக்கத்துல இன்னொண்ணு வந்து சேரட்டும் என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மிச்ச அட்டைகளை வெட்ட உட்கார்ந்துவிட்டார். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டார். அதனால் சொல்கிறேன், போர்வை பெரியதுதான், அட்டை வைத்துக் கையால்தான். எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். முடிகிறபோது உள்ளே ஒரு அட்டைகூட இருக்காது, எண்ணி எடுத்துவிடுவேன். நடுவில் எப்போது வரத் தோன்றினாலும் வா, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். உன் அறை அப்படியேதான் இருக்கிறது, பாதி இடத்தில் அப்பாவின் பழைய பேப்பர் கட்டு, எடுத்துவிடச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியும் காபியுமாக ஓட்டாதே. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், இந்தக் கடிதத்தின் தேதியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டார். உனக்கு ஒரு குறையும் வராமல், மனசு தெளிந்து நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் உன் கட்டிலின் நீள அகலத்தை அளந்து இன்ச்சுக் கணக்கில் எழுது, கையை விரித்துக் காட்டுவது போலத் தோராயமாக எழுதாதே. போர்வை வரும்வரை காத்திருக்க வேண்டாம், கட்டிலில் குவிந்து கிடக்கும் அந்தத் துணியை இன்றைக்கே மடித்து அலமாரியில் வை. நடுவில் படு.

உன் அம்மா