உம்மு காலிபின் புதினா

செப்டம்பர் 2, செவ்வாய்
வாரத்தில் ஒருமுறை தண்ணீர் வரும் நாள். அம்மான் நகரில் எங்கள் மலைச்சரிவு முழுக்க விடியலிலேயே துணி துவைக்கிறது. மொட்டைமாடியில் எங்கள் தொட்டி நிரம்பி வழிந்தது. கீழ்வீட்டு உம்மு காலிபின் தொட்டி பாதிதான். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி அவள். படியில் நின்று கத்தினாள்: "இன்திசார்! மோட்டார் போட்டு என் தண்ணிய இழுக்கிறியாடி?"

மோட்டாரா? எங்களிடம் ஒழுங்கான மிக்சியே கிடையாது.

செப்டம்பர் 5
அவள் முற்றத்துப் புதினா இந்த வெயிலிலும் தளதளவென்று நிற்கிறது. தண்ணீரே ஊற்றுவதில்லையாம். "என் கைராசி" என்பாள். சந்து முழுக்க அந்தப் புதினாவில்தான் டீ. இன்று எல்லா வீட்டுக்கும் கட்டுக் கட்டாகப் போயிற்று, எங்களுக்கு மட்டும் இல்லை. வெறும் டீயைக் குடித்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்
மறுபடியும் பாதித் தொட்டி. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்றுவிட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். எங்கே போவது? என் கணவர் நவாஃப் சொல்கிறார், "விடு, வேற வீடு பாப்போம்." நான் ஏன் விடணும்? திருடிங்கிற பேரோட போகணுமா? இவருக்கு ரோஷமே கிடையாதா?

செப்டம்பர் 10
அவளைக் கூப்பிட்டு வீட்டைத் திறந்து காட்டினேன். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தாள். "மோட்டார எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்ப."

செப்டம்பர் 23, செவ்வாய்
தெருவின் பழைய இரும்புக் குழாய்களை மாற்றுகிறவர்கள் இன்று எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்களில் ஷஹாதே என்பவர் உம்மு காலிபின் வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொன்னார். அப்படியும் தண்ணீர் மீட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் நடந்து பார்த்துவிட்டுப் புதினாப் பாத்தியருகே நின்றார்.

"இங்கதான் தோண்டணும்."

"என் கைராசிப் புதினாவத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்!"

தோண்டினார். ஒரே சேறு. அடியில் குழாய் துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. "உம்மு காலிப், உங்க கைராசியப் பாருங்க" என்றார். ஜன்னலில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். நல்லா வேணும்! அவள் கல்லில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 25
புதுக் குழாய் போட்டு மூடிவிட்டார்கள். என்னைத் திருடியாக்கியதற்கு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. காலி பண்ணுவதைப் பற்றியும் இல்லை. வாய் வராதோ?

செப்டம்பர் 30, செவ்வாய்
இரண்டு தொட்டியும் நிறைந்தன. துணி அலசிய தண்ணீரைக் கொட்டப் போனேன். "கொட்டாதடி!" என்று கீழேயிருந்து குரல். மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"ரெண்டு வேர் பொழைச்சிருக்கு. தினம் ஊத்தணும்."

வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"பெட்டியெல்லாம் கட்டிட்டியா?"

"கட்டல."

"கட்டாத. இந்தா, அந்தப் பக்கம் பிடி, கனமா இருக்கு."

பிடித்தேன்.