நீலக் கதவு வீட்டில் நாலு நாள்

லிஸ்பன்
மே 17

அன்புள்ள பிலிப்பா கண்ணுக்கு,

முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அம்மா இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை எத்தியெனும் மோண்ட்ரியால் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கையில் ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், நான் சிரித்து மழுப்பிவிடுவேன், இரண்டு வருடமாக அப்படித்தான் மழுப்பிக்கொண்டு வருகிறேன். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படி நழுவ முடியாது. முதலில் நீ கேட்டதை எழுதிவிடுகிறேன், கேட்காததைப் பிறகு எழுதுகிறேன், நடுவில் மடித்து வைத்துவிடாதே.

எத்தியென் புது ஆள், நான் பழைய ஆள், உன் சுற்றுலாக்காரர்களுக்குப் போட்டுக் கொடுப்பதுபோல எங்களுக்கும் ஜூன் பதினொன்றிலிருந்து நாலு நாளைக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடு அம்மா என்று எழுதியிருந்தாய். பிறந்த ஊருக்கு வர நீ என்னிடம் திட்டம் கேட்கிறாயே என்று ஒரு நிமிடம் சுருக்கென்றது, பிறகு முப்பத்தோரு வருடம் இதே வேலை செய்தவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாய் என்று சமாதானம் ஆகிவிட்டேன். என் முதல் விதி உனக்கே தெரியும், ஏறுவது காலையில், இறங்குவது மாலையில். முதல் நாள் ஒன்பது மணிக்கெல்லாம் கோட்டை வாசலில் நில்லுங்கள், பத்தரைக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். அங்கிருந்து பேராலயம் வரைக்கும் நடந்தே இறங்குங்கள். இருபத்தெட்டாம் எண் டிராமில் ஏறக் கீழ் நிறுத்தத்தில் எல்லோரும் வெயிலில் வரிசை நிற்பார்கள், நீங்கள் அதில் நிற்காதீர்கள், மறுமுனையில் கல்லறைத் தோட்டத்து நிறுத்தத்தில் ஏறினால் உட்கார்ந்தே வரலாம். கைப்பையை முன்னால் வைத்துக்கொள், கனடாவில் இருந்து இருந்து உனக்கு அந்த சாமர்த்தியம் போயிருக்கும். பெலெம் பக்கம் நாலாம் நாள் போங்கள், மடாலயத்துக்குள் போனால் போதும், கோபுரத்தை வெளியே நின்று பார்த்தால் போதும், அந்தோனியார் திருநாளான பதிமூன்றாம் தேதி மட்டும் வேண்டாம், மூடியிருக்கும். அங்கே முட்டைப் பால் பணியாரத்துக்கு வரிசை நிற்க வேண்டும் என்று எத்தியென் அடம் பிடிப்பார், ஒரு தடவை நிற்கட்டும், ஆசை தீரட்டும். கல்யாணப் படத்தில் போட்டிருந்தாரே அந்தத் தோல் செருப்பு, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ரப்பர் அடி வைத்த ஷூ போடச் சொல். நம் தெருக் கல் எப்படி வழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. போன வருடம் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நீதிபதி என் கண் முன்னாலேயே எட்டுப் படி உட்கார்ந்தபடியே இறங்கினார், பாவம், சிரிக்கவும் முடியவில்லை.

புது ஆளுக்கு அவ்வளவுதான், அது என் தூக்கத்தில்கூட வரும். பழைய ஆளுக்குத்தான் எழுத வரமாட்டேன் என்கிறது. எங்கள் தொழிலில் இரண்டாம் தடவை வருபவர்தான் பெரிய தலைவலி. கோட்டை பார்த்தாயிற்று, டிராம் ஏறியாயிற்று, வந்து நின்றுகொண்டு, இதெல்லாம் போன தடவையே பாத்துட்டோம் ஒத்திலியா, யாருக்கும் காட்டாத இடமா ஒண்ணு காட்டேன் என்பார்கள். எங்கே போவேன்? அவர்களுக்கென்று ஒரு பச்சை அட்டை வைத்திருந்தேன். அதில் முதலில் நான் ரொட்டி வாங்கும் கடையை எழுதினேன். அடுத்த வருடம் நம் தெருக்கோடி சாராயக் கடை. அதற்கடுத்த வருடம் கிணற்றுப் படிக்கட்டு, நீ பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு விளையாடுவாயே, அதுதான். ஒவ்வொரு இடமும் எழுதி இரண்டு வருடத்தில் புது ஆட்களுக்கும் தெரிந்துவிடும், உடனே பழைய ஆட்களுக்கு வேறொன்று தேட வேண்டியிருக்கும். அட்டையில் எழுத இடம் இருந்தது, ஊரில்தான் இல்லாமல் போய்விட்டது.

இனி நீ கேட்காதது. போன வாரம் ஃபோனில் படங்கள் அனுப்பியிருந்தாயே, உன் வீட்டில் மூணு பேர் படுத்தா எத்தியென் கால் மாடிப்படிக்கு வந்துடும், அதனால வாடகைக்கு ஒரு வீடு பிடிச்சுட்டேன், என் அதிர்ஷ்டத்தைப் பாரு, ஞானத்தாயோட முற்றத்துலயே கெடைச்சிருக்கு, ரெண்டு எட்டு வெச்சா அவ கதவு என்று எழுதி, இது யார் வீடும்மா, அந்தக் கிழட்டு சிமாவுவோடதா என்று கேட்டிருந்தாய். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கட்டில், சுவரில் ஏதோ மீன் படம், உனக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை. நான் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடுகளைப் பார்த்தேன். மேல் வரிசையில் நாலாவது ஓடு தலைகீழாகப் பதிந்திருக்கும், பறவை வானத்தைப் பார்த்து நடக்கும், சூப் குடிக்கமாட்டேன் என்று நீ அடம் பிடித்தால் அதைக் காட்டித்தானே உனக்கு ஊட்டுவாள். பிலிப்பா, அது சிமாவு வீடு இல்லை. அது அல்சீரா வீடு. உன் ஞானத்தாய் அங்கே இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. ஆற்றுக்கு அக்கரையில், பாரேய்ருவில், தம்பி மகன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். அவ நல்லா இருக்கா, ஃபோன்தான் அவளுக்குப் பிடிக்காது என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். அவளுக்கு ஃபோன் பிடிக்கும். அவள் எண்ணை உன்னிடம் கொடுக்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

அவளை அங்கிருந்து கிளப்பியது வீட்டுக்காரர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், கையெழுத்துப் போட்டது அவர்தான், ஆனால் வழி காட்டியது நான். மூன்றாம் தடவையாக வந்த ஒரு டச்சுத் தம்பதி, அன்றைக்கு நல்ல மழை, போக்கிடம் இல்லாமல் அல்சீரா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளும் சந்தோஷமாகத்தான் புளிச்செர்ரி மதுவைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தாள், பாட்டுகூடப் பாடினாள். அவர்கள் கண் கலங்கிப் போனார்கள். அன்று மாலையே பச்சை அட்டையில் எழுதிவிட்டேன், இரண்டாம் நாள், நாலு மணி, அல்சீரா முற்றம் என்று. இரண்டு பேர் ஆறானார்கள், ஆறு பேர் பன்னிரண்டானார்கள், என்னைப் பார்த்து மற்ற வழிகாட்டிகளும் வந்தார்கள். ஒரு நாள் அல்சீரா, கொடியில தொங்கற என் உள்பாவாடையைக்கூட படம் எடுக்கறாங்கடி, இப்பல்லாம் நல்லதாப் பாத்துத் தொங்கவிட வேண்டியிருக்கு என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. புருஷன் இறந்த மாதத்திலாவது ஆட்களைக் கூட்டி வராதே என்று வாய்விட்டுக் கேட்டாள், சரி என்று தலையாட்டினேன், பத்தாம் நாள் மறுபடி மழை, மறுபடி போக்கிடம் இல்லை, ஏழு பேரோடு போய் நின்றேன். கறுப்பு உடுத்திக்கொண்டு கிண்ணங்களைக் கழுவி எடுத்து வந்தாள்.

பிறகு வீட்டுக்காரரின் மருமகன் ஒரு கூட்டத்தோடு கூட்டமாக வந்து முற்றத்தில் எத்தனை கதவு என்று எண்ணிவிட்டுப் போனான். அவளுடைய வாடகை ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நாற்பத்து நாலு வருடம் இருந்த வீடு. இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அவள் வீட்டைக் காலி செய்த அன்று நான் ஒன்பது பேரோடு அந்தச் சந்துக்குள் திரும்பினேன். அவளுடைய கட்டிலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பின்னால் அவள் எலுமிச்சைச் செடித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் என் குடையை உயர்த்தி, இன்று இந்த வழி அடைத்திருக்கிறது என்று எல்லோரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டேன். ஒரு கை பிடித்திருக்கலாம். நீ பள்ளிவிட்டு வந்ததும் உன்னை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவள், நான் ஊராருக்கு ஊர் காட்டப் போகையில் என் பிள்ளைக்குச் சோறு போட்டவள், அவளைத் தெரியாதவள்போலத் திரும்பிப் போனேன். அவள் பார்த்தாள். என் குடை மஞ்சள் நிறம், யாருக்குத்தான் தெரியாது.

உன் படங்களைப் பார்த்த பிறகு அந்த வீட்டை ரத்து செய்துவிடு என்று உனக்கு எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்தேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை படகேறி அக்கரைக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன ஒத்திலியா, தனியா வந்திருக்கே, மிச்சப் பேரு கீழ நிக்கறாங்களா என்றாள். எனக்கு இது வேண்டியதுதான். உள்ளே கூப்பிடவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு, முதல் தடவை வர்றே, வா, சுத்திக் காட்டறேன் என்று இறங்கிவிட்டாள். நான் பேசுவதுபோலவே கையை உயர்த்திக்கொண்டு, இது மருந்துக்கடை, வாரத்துல மூணு நாள் எனக்கு இங்கதான் கச்சேரி, இது பஸ் நிறுத்தம், பஸ் மட்டும் வராது, வலது பக்கம் பாத்தா ஒண்ணும் இல்லை, இடது பக்கம் பாத்தா அதுவும் இல்லை, படம் எடுக்கறவங்க எடுத்துக்கலாம், பத்து நிமிஷம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தோளைத் தொடவில்லை.

பிறகு மேலே கூட்டிப் போனாள். பால்கனியில் அந்தோனியார் திருநாளுக்கென்று தொட்டியில் துளசி விதைத்திருக்கிறாள், நம் ஊர்க் குட்டி இலைத் துளசி, அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கைக்குட்டை அளவுக்கு நம் ஊர். துளசி மேல் குனிந்தேன். என் நெற்றியில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். மூக்கை வெக்காதே, உள்ளங்கையால தொட்டு மோந்து பாரு, முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுத்தவதானே, நீ மூஞ்சியக் கொண்டுபோய் வெச்ச எடமெல்லாம் வாடித்தானே போகுது என்றாள். பிலிப்பா, நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, இதை எழுதும் வரைக்கும் சொல்லவில்லை. தொலைஞ்சதை எல்லாம் கண்டுபிடிச்சுத் தர்றவரு அந்தோனியார், வீடு தொலைஞ்சா மட்டும் அவருக்குக் காது கேக்காது என்று மட்டும் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

நீ எடுத்திருக்கும் வீட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னேன், ரத்து செய்யச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். படங்களைக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாக வெகு நேரம் பார்த்தாள். என் வீட்டுக்கு ஏன்டி இப்படிச் சுண்ணாம்பு அடிச்சு ஆஸ்பத்திரி மாதிரி பண்ணிவெச்சிருக்காங்க என்றாள். அந்தத் தலைகீழ்ப் பறவையை மட்டும் விரலால் தொட்டாள். பிறகு கேட்டாள், எத்தனை நாளைக்கு எடுத்திருக்கா? நாலு நாள் என்றேன். பன்னிரண்டாம் தேதி, அந்தோனியார் திருநாளுக்கு முந்தின ராத்திரி, அதுல வருதா? வருகிறது என்றேன். அப்போ அந்த நாலு நாளும் வீடு அவளோடதுதானே, அவ யாரை வேணும்னாலும் கூப்பிடலாம்தானே என்றாள். அந்த வீட்டு விதிகளில் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை, புகை கூடாது, பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று எழுதியிருப்பதை நான் வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தாள், அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தோனியார் ராத்திரியில நம்ம அல்ஃபாமாப் பேட்டையில புகை கூடாதாமா, மத்தி மீன் சுடற அடுப்பை நான் கொண்டு வர்றேன், தடுக்கறவன் வந்து தடுக்கட்டும் என்றாள்.

ஆகவே ரத்து செய்யாதே, கண்ணு. பழைய ஆளுக்கு நான் போடும் திட்டம் இதுதான். பன்னிரண்டாம் தேதி பகலில் எங்கும் போகாமல் ஓய்வெடுங்கள். மாலை ஐந்து மணிப் படகில் அல்சீரா வருவாள், நீ துறைக்குப் போய் அவளைக் கூட்டி வா. என்னை அழைக்கவில்லை. அவளாகக் கூப்பிட்டால் வருவேன், இல்லாவிட்டால் என் ஜன்னலிலிருந்து மீன் வாசனை வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன், அதுவே எனக்கு அதிகம். நீ என்மேல் கோபப்படு, கோபப்பட்டே வா. நான் செய்ததற்காக அவளிடம் நீ எனக்குப் பரிந்து பேசாதே. எத்தியெனிடம் சொல்லிவை, அன்று இரவு படம் எடுக்க வேண்டாம், எங்கேயும் எழுத வேண்டாம். பச்சை அட்டையை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று, வழுக்காமல் வந்து சேர அம்மாவின் ஆசி. மறக்காமல் ரப்பர் ஷூ. இன்னொன்றும் மறக்காதே. அந்த வீட்டுக்குச் சாவி யாரும் கையில் தரமாட்டார்கள், நீலக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும், அதைத் திறக்க நாலு எண் உனக்கு அனுப்புவார்கள். நீங்கள் முதல் நாள் திறந்து உள்ளே போய்விட்டாலும், பன்னிரண்டாம் தேதி வெளியே போகும்போது சாவியை மறுபடி அந்தப் பெட்டியிலேயே போட்டுப் பூட்டிவிடு. எண்ணை எனக்கு அனுப்பாதே. உறைக்குள் தனித் துண்டில் அல்சீராவின் ஃபோன் எண் இருக்கிறது, அழைத்து அவளிடம் சொல். அவள் கதவை அவளே திறக்கட்டும்.

உன் அம்மா,
ஒத்திலியா